ஜெட்டித் தூணில் ஒட்டியிருந்த இன்சுலின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். வேலையிடத்தில் புதிதாக எதையாவது பார்த்தேன் என்றால் அதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் சோறு இறங்காது.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். செத்த பிராணியின் உடம்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. அதைப் பார்த்துக் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எதையும் முதலில் பார்க்கிற கண் என்னுடையதுதானே. காலையில் கிள்ளானில் ரயில் ஏறி, மாலையில் அதே ஸ்டேஷனில் இறங்கும்போது, அன்றைக்குப் பார்த்ததெல்லாம் தொண்டை வரைக்கும் நிற்கும்.

வீட்டில் கேட்பதற்கு இருப்பது அவர் ஒருவர்தான். பண்டமாரான் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். வந்து குளித்து, விபூதி பூசி, டிவியில் கால்பந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார். நான் பேசுவேன். அவர் "ஓ" என்பார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் பேசியதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் அந்த ஒரு எழுத்துதான். "நான் என்னா சுவத்துக்கிட்டயா பேசறேன்?" என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் லா" என்பார், கண் பந்தைவிட்டு நகராது.

போன வருடம் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ஒரு புது வேலை கொண்டுவந்தார். அவர் சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர். கடலில் இருக்கும் மிகப் பழைய வகைப் பிராணிகளின் உடம்பில் இன்சுலினோ, அதற்குச் சொந்தக்காரப் பொருளோ இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று தேட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்சுலின் என்றால் எனக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுதான். அதில் முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மருந்துப் பெட்டிகள் இருக்கும். ஆறு வருடமாகக் காலையும் மாலையும் வயிற்றில் குத்திக்கொள்கிறார். நாசி லெமாக் சோறும் சீனி போட்ட தே தாரிக் டீயும் சாப்பிடாத கடல் பிராணிக்கு இன்சுலின் எதற்கு?

அதைப் பிடிக்க நானும் போனேன். கிள்ளான் துறைமுகப் பக்கம் மீன்பிடி ஜெட்டி ஒன்று, தண்ணீருக்குள் தூண் நட்டுக் கட்டிய படகுத்துறை. தண்ணீர் வற்றிய நேரத்தில் படகில் உட்கார்ந்து, சுவரில் பெயிண்ட் சுரண்டும் தகட்டால் தூணிலிருந்து சுரண்டி எடுத்தோம். ஆங்கிலத்தில் சீ ஸ்குவர்ட் என்கிறார்கள். தமிழில் அதற்கு நம்மவர்கள் யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு தோல் பை, மேலே இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். ஒரு ஓட்டையில் கடல் தண்ணீர் உள்ளே போகும், இன்னொன்றில் வெளியே வரும். அமுக்கிப் பார்த்தேன், நேராக என் மூக்குக் கண்ணாடியில் பீய்ச்சியது. படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தலைவி அதன் கதையைச் சொன்னபோதுதான் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. குஞ்சாக இருக்கும்போது அதற்கு வால் உண்டு, முதுகில் ஒரு தண்டு உண்டு, நீந்தும். அந்தத் தண்டு இருப்பதால் நமக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம். பிறகு ஒரு தூணைப் பார்த்து மூஞ்சியை ஒட்டிக்கொண்டு, தன் வாலைத் தானே கரைத்துத் தின்றுவிட்டு, ஆயுசுக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடும். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் கம்பத்து, அதாவது கிராமத்து, அணியில் பந்து ஆடியவர். சோபா வாங்கியதோடு சரி. இதைச் சொன்னேன், தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இன்சுலினைத் தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இன்சுலினைக் கண்டால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் சின்னக் குப்பியில் வரும். அதைத் துணுக்கின் மேல் விட்டு, கழுவி, அப்புறம் சாயம் போட்டால், அது ஒட்டிய இடம் மட்டும் பழுப்பாகும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவை எல்லாமே பழுப்பு, கோப்பி கொட்டியது மாதிரி. இரண்டாவது தடவை ஒன்றுமே இல்லை. மூன்றாவது தடவை துணுக்கே கழன்று தண்ணீரோடு போய்விட்டது. நான் அந்தப் பிராணியையும் அதன் வம்சத்தையும் திட்டித் தீர்த்தேன்.

நான்காவது தடவை, மைக்ரோஸ்கோப்பில் குடல் சுவரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும்போது ஒரு பழுப்புப் புள்ளி. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ரொம்ப தூரம் எதுவுமில்லை, பிறகு ஒன்று. நமக்கு இன்சுலின் செய்யும் உயிரணுக்கள் எல்லாம் கணையத்தில் கூட்டமாகக் குடியிருக்கும். இந்தப் பைக்குக் கணையமே கிடையாது. குடல் உயிரணுக்களுக்கு நடுவில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்த் தலைவியைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இன்சுலினாக இருக்கலாம், இன்சுலினின் பங்காளியாகவும் இருக்கலாம். இந்தச் சாயத்துக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, ஆனால் என் சந்தோஷம் அதனால் குறையவில்லை.

அன்று ரயிலில் முழுக்க அதே யோசனை. கணையம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்னாலேயே அதன் சரக்கு குடலில் உலாவிக்கொண்டிருந்திருக்கிறது. எதற்காக? உள்ளே வந்த சாப்பாட்டைப் பார்த்து, "வளரலாம்" என்று உடம்புக்குச் சொல்லவா? என் வீட்டுக்காரரின் உடம்பு போதுமான அளவு செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பொருளை, தலைகூட இல்லாத ஒரு தோல் பை கடனே என்று செய்துகொண்டிருக்கிறது. வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி அவர் பூஜைக்குப் பூக்கடையில் மாலை வாங்க வேண்டியிருந்தது, அதைக்கூட மறந்துபோய் கிள்ளான் வரைக்கும் வந்துவிட்டேன்.

மாலை எதற்கென்றால், அவர் அப்போது விரதத்தில் இருந்தார், அன்று இருபதாவது நாள். ஒவ்வொரு வருடமும் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பார், அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். விரதம் என்றால் சும்மா கறி மீன் தள்ளிவைக்கிற விரதமில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் சூப்பர்மார்க்கெட்டில் அவரோடு போவது பெரிய தண்டனை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படிப்பார். இந்த ஊரில் பெலாச்சான் என்கிற இறால் விழுது எங்கேதான் ஒளிந்திருக்காது? மிளகாய்ச் சம்பலில் இருக்கும், கங்கோங் கீரை வறுவலில் இருக்கும், காய்கறிச் சூப்பில்கூட நெத்திலித் தூள் இருக்கும். பிஸ்கட்டில் முட்டை, இனிப்பில் ஜெலட்டின். முந்தின வருடம் அவருக்கு இருமலுக்குக் கொடுத்த மாத்திரையின் கூடு ஜெலட்டின் என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை மட்டும் கரண்டியில் கொட்டித் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். கசப்பில் முகம் கோணிப்போகும். "இப்புடியா சாமி கேக்குது?" என்பேன். "சாமி கேக்கல, நான்தான் வார்த்த குடுத்திருக்கேன்" என்பார்.

இந்த மனிதரிடம்தான் அன்று சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறந்தேன்.

"தெரியுமாங்க, நீங்க ஊசி போடுறீங்கல்ல, இன்சுலின், அது கடல் ஜந்து வயித்துல இருக்கு. ஜெட்டித் தூண்ல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது. தலையும் இல்ல, கண்ணும் இல்ல. அதோட குடல்ல, ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு, பழுப்பு கலர்ல புள்ளி புள்ளியா. இன்னைக்கு என் கண்ணால பாத்தேன்!"

அவர் "ஓ" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். ரசம் மிச்சம் இருந்தது. கோயிலுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் இளைத்தார். எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். கோயிலில் ஒரு ஆன்டி, "விரதம் முகத்துலயே தெரியுது தம்பி" என்றார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தார், வெயில் என்றேன். அடிக்கடி பாத்ரூம் போனார், அவ்வளவு தண்ணீர் குடித்தால் போகாமல் என்ன செய்வார் என்றேன். நாள் முழுக்க இன்சுலினைத் தேடிக் கண்ணை ஓட்டுகிறவள் நான், இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூஜையில் தீபாராதனைக்குக் கும்பிட்டபடி நின்றவர் அப்படியே உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சரிந்தார். மூச்சு வேகமாக வந்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், திரும்ப மூடினார். கோயில் ஆட்கள் காரில் தூக்கிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தால் அது எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று மட்டும் காட்டும். கையில் உப்புத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பை முடிந்தபோது அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. "கடைசியா இன்சுலின் எப்ப போட்டாரு ஆன்டி?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில" என்றேன். ஊசி போடும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்வது அவர் வழக்கம். அன்று காலையிலும் சாத்தினார்.

"இல்ல" என்றார் படுக்கையிலிருந்து.

"என்னா இல்ல?"

"போடல. பன்னெண்டு நாளா போடல."

ஃப்ரிட்ஜ் கதவில் பெட்டிகள் குறையாமல் அப்படியே இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் பாக்கெட் வைக்க நானே அவற்றைத் தள்ளி வைத்திருக்கிறேன். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். பக்கத்துப் படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு மலாய்க் குடும்பமே எட்டிப் பார்த்தது.

டாக்டர் என்னை அமர்த்திவிட்டு, "ஏன் அங்கிள் நிறுத்தினீங்க?" என்றார்.

"விரதம்."

"விரதத்துக்கும் இன்சுலினுக்கும் என்னா சம்பந்தம்?"

"அது கவிச்சி. கடல் ஜந்து வயித்துல இருந்து வர்றது."

"ஐயோ அங்கிள், யாரு சொன்னா?"

அவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்றார்.

"இந்த வாட்ஸ்அப்ப வச்சுக்கிட்டு நாங்க படுற பாடு!" என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். "எந்த குரூப்பு? கோயில் குரூப்பா? எந்த முட்டாள் அனுப்புனான்? காட்டுங்க!" என்று அவர் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கினேன்.

"அழிச்சிட்டேன்" என்றார்.

"அப்புடி என்னாதான் அங்கிள் அதுல எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர், கொஞ்சம் வேடிக்கையாகவே.

"ஜெட்டித் தூண்ல ஒட்டிக்கிட்டு இருக்குமாம். தலையும் இல்ல, கண்ணும் இல்ல. அதோட குடல்ல, ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு, பழுப்பு கலர்ல புள்ளி புள்ளியா இன்சுலின் இருக்குமாம்."

போனைத் தட்டிக்கொண்டிருந்த என் விரல் நின்றுவிட்டது. இன்சுலினுக்குப் பழுப்பு நிறம் கிடையாது. அந்தப் பழுப்பு நான் போட்ட சாயம். உலகத்தில் எந்த வாட்ஸ்அப்பிலும் அது வந்திருக்க முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற நேரத்திலும், டாக்டர் முன்னால் என் மானம் போகக் கூடாது என்று இந்த மனிதர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"வாட்ஸ்அப் இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன்" என்றேன்.

"அவ சும்மா சொல்றா" என்றார் அவர்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் சிஸ்டர் இன்சுலின் பம்ப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பம்ப்பைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம். இன்னும் பதினாறு நாள்தான். பால்குடம் முடியட்டும்."

"அங்கிள், பதினாறு நாள் கணக்கு பேசாதீங்க. இத ஏத்தலன்னா இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குவீங்களான்னு என்னால சொல்ல முடியாது. வேணாம்னு நீங்க கையெழுத்து போட்டா நான் கட்டாயப்படுத்த முடியாது. யோசிங்க."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அந்த ஜந்துகிட்ட இருந்து எடுக்குறது இல்லங்க. அதுக்கும் இருக்குன்னுதான் சொன்னேன். உங்களுக்கு இருக்கு, எனக்கு இருக்கு, கோழிக்கு இருக்கு, அதுக்கும் இருக்கு. அவ்ளோதான்."

"அப்ப இந்த மருந்து எங்கருந்து வருது?"

"முன்னாடியெல்லாம் பன்னிகிட்டயும் மாட்டுக்கிட்டயும் எடுத்தாங்க" என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் டாக்டரை முறைத்தேன். இந்தப் பெண்ணுக்கு இப்போதா வரலாறு? "இப்ப அப்புடி இல்ல அங்கிள்" என்று அவசரமாகச் சேர்த்தார். "இப்ப எல்லாமே மனுச இன்சுலின்."

"மனுசனோடதா!" அவர் எழுந்திருக்கவே பார்த்தார். "மனுசன் மட்டும் சைவமா?"

சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்ததை வைத்து, வேண்டாமென்று முடிவாகிவிட்டதாக நினைத்து, அவரே பம்ப்பைச் சுவரோரம் நகர்த்தினார்.

"மனுசன அறுக்கலங்க" என்றேன். "எப்புடிச் செய்யணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் மனுசனோடது. அந்தக் குறிப்ப ஈஸ்ட் மாதிரி நுண்ணுயிருக்குக் குடுத்துச் செய்ய வைக்கிறாங்க. பெரிய அண்டாவுல வளக்குறாங்க. தோசை மாவு புளிக்குதுல்ல, அந்த மாதிரி சின்ன உயிரு. தோச சாப்புடுறீங்கல்ல?"

தோசை அவரை யோசிக்க வைத்தது. மூச்சு இன்னும் வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"எனக்கும் அதுக்கும் எப்புடி ஒரே சாமான் வந்துச்சு?"

"சொந்தம்ங்க. ரொம்ப ரொம்ப தூரத்துச் சொந்தம். நாம பிரிஞ்சு வர்றதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு. அவங்கவங்க பங்க எடுத்துக்கிட்டு வந்துட்டோம்."

"அந்தச் சொந்தத்தையா நீ சீவிக்கிட்டு இருக்க?"

நான் போர்வை நுனியைச் சரிசெய்தேன். அவர் விடவில்லை.

"சரி. எனக்குச் சக்கரைக்கு வேணும். சக்கரையே சாப்புடாத அது, எதுக்கு வச்சிருக்கு?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி அவரை மடக்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வளர்வதற்காக இருக்கலாம், சாப்பாட்டைச் சேமிப்பதற்காக இருக்கலாம், எங்கள் தலைவிக்கே நிச்சயமில்லை. "தெரியலங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நெசமா தெரியல. நான் பாத்தது இன்சுலினா அதோட பங்காளியான்னுகூட இன்னும் சரியா தெரியல. அன்னைக்கு அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்லல. வாய் சும்மா இருக்க மாட்டாம அரைகுறையாச் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் டிவி ஓடாமல் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும்.

"தெரியாதத தெரியலன்னு சொல்ற" என்றார். "அப்ப மத்தது நெசமாத்தான் இருக்கும். போடச் சொல்லு."

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வெளியே நீட்டினார். டாக்டர் தலையசைக்க, சிஸ்டர் பம்ப்பைக் கட்டிலோரம் இழுத்துக் குழாயை மாட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் என் பேச்சை மட்டும் வைத்து யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் புரதம் விடாத வெறும் தகடு ஒன்றையும் கூடவே சாயம் போட்டு, சாயம் பொய் சொல்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் நான் பார்த்த புள்ளிக்கு மதிப்பு. இங்கே ஒரு மனிதர் எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல், நான் சொன்னேன் என்பதற்காகப் பன்னிரண்டு நாள் மருந்தை நிறுத்தியிருக்கிறார். இப்போது அதே வாய் சொன்னதைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாசம் பொங்கியது, எல்லாவற்றையும்விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.